கீசர் ஒழுகினால் சரிசெய்வதா, மாற்றுவதா? நான் செய்து கெடுத்த தவறுகள்

போன வாரம் என்னிடம் வேலை பழகும் தம்பி ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, "அண்ணே, கீசர் சொட்டிட்டே இருந்துச்சு. சேஃப்டி வால்வு வாயில ஒரு பிளக்கைப் போட்டு அடைச்சு இறுக்கிட்டேன், நின்னுருச்சு" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போய் அந்தப் பிளக்கைக் கழற்றிவிட்டு வந்தோம். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அதே பெருமையோடு அதே வேலையைச் செய்தவன் நான்.

கரண்டை நிறுத்தாமல் கைவைப்பது, வால்வை மூடாமல் பைப்பைக் கழற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். பேச்சு முழுக்கத் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் டேங்க் கீசரைப் பற்றியது.

சொட்டும் இடமே ஒழுகும் இடம் என்று நம்புவது

டேங்குக்கும் வெளி உறைக்கும் நடுவில் சூடு தாங்கும் ஃபோம் இருக்கிறது. எங்கே கசிந்தாலும் தண்ணீர் அதன் ஓரமாகவோ பைப்பைப் பிடித்துக்கொண்டோ இறங்கி, ஆகக் கீழே வந்துதான் சொட்டும். அடியில் சொட்டுகிறது என்பதற்காக "டேங்க் போச்சு" என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு வீட்டில் நான் சொன்னேன். என்னை நம்பிப் புது கீசர் வாங்கினார்கள். மாட்டிய மறுநாளும் அதே இடத்தில் அதே சொட்டு. சுவரிலிருந்து வரும் வளையும் பைப்பின் முனையில் ரப்பர் வாஷர் நைந்து கிடந்தது. ஒரு வாஷருக்கு ஒரு கீசர்!

இப்போதெல்லாம் கரண்டை நிறுத்தி, எல்லா இணைப்பையும் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். முதலில் நனைகிற பேப்பர் உண்மையைச் சொல்லும். ஒரு பேப்பரும் நனையாமல் உறையின் அடி விளிம்பிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் வந்தால், அப்போது டேங்கைச் சந்தேகிக்கலாம்.

எப்போது சொட்டுகிறது என்று கேட்காமலிருப்பது

சூடேறும்போது மட்டுமா, நாள் முழுக்கவா, குழாய் திறக்கும்போதா? இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

சேஃப்டி வால்வை அடைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடானால் தண்ணீர் விரியும். 25 லிட்டர் டேங்கில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 65 டிகிரிக்குக் கொண்டுபோனால், கிட்டத்தட்ட 400 மில்லி அதிகமாகிவிடும். இரண்டு டம்ளர் தண்ணீர். டேங்க் இரும்பு, அது விரிந்து கொடுக்காது. அந்த இரண்டு டம்ளர் எங்கேயாவது போயாக வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் வீட்டில், நடுவே தடையில்லாவிட்டால், வந்த வழியே மேலே ஏறிக்கொள்ளும். வழியில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் திரும்ப முடியாது. அழுத்தம் ஏறும், சேஃப்டி வால்வு லேசாகத் திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அந்தச் சொட்டு கோளாறு அல்ல. வால்வு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

நான் கெடுத்த வீட்டில் அழுத்தம் கூட்டும் பம்ப் ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். பம்போடு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் கீசர் சொட்டியது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே தம்பி இருந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வால்வை மாற்றினேன். சொட்டியது. இன்னொரு வால்வு வாங்கி மாற்றினேன். அதுவும் சொட்டியது. மூன்றாம் முறை வெறுத்துப்போய், வால்வின் வாயில் டம்மி என்கிற அடைப்பானை வைத்து இறுக்கிவிட்டு வந்தேன். அந்த அம்மா சந்தோஷமாகக் காப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்தது இன்னும் உறுத்துகிறது.

ஏழெட்டு மாதம் கழித்துப் போன் வந்தது. தினமும் சூடேறும்போது அழுத்தம் ஏறுவதும், ஆறும்போது இறங்குவதுமாக டேங்க் உடம்பு வீங்கி வீங்கி வற்றியிருக்கிறது. உள்ளே பூசியிருந்த கண்ணாடிப் பூச்சு விரிசல் விட்டு, விரிசல் வழியே இரும்பு துருப்பிடித்து, கடைசியில் வெல்டிங் தையலோரம் பிளந்துவிட்டது. குளியலறை முழுக்கத் தண்ணீர். நல்ல கீசர், சரிசெய்யவே தேவையில்லாதது, மாற்றியே ஆக வேண்டியதாகிவிட்டது. அதைச் செய்தது நான்.

அதிலும் நாங்கள் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்-அவுட்டும் சேர்ந்து கெட்டிருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறியிருக்கும். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்வரை அது தண்ணீராகவே இருக்கும். டேங்க் பிளந்த நொடியில் ஒரு பகுதி நீராவியாகிவிடும். நீராவியான தண்ணீருக்கு முன்பிருந்ததைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் தேவை. சுவரோடு போயிருக்கும்.

அந்தச் சொட்டுக்குச் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. வால்வின் வாயில் ஒரு ட்யூபை மாட்டி, கீழ்நோக்கிச் சரிவாக இறக்கி, முனையைத் திறந்தபடி வடிகாலில் விடுங்கள். சொட்டே வேண்டாம் என்பவர்கள், விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பல சேஃப்டி வால்வுகளுக்குள்ளேயே நான்-ரிட்டர்ன் சேர்ந்து வரும். அவை இருக்கும் வீட்டில் பம்ப் இல்லாமலும் சூடேறும்போது சொட்டும், பயப்பட வேண்டாம்.

கீசர் ஆறியிருக்கும்போதும் வால்வு விடாமல் ஒழுகினால் அது வேறு கதை. நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விட்டுப் பாருங்கள், உள்ளே மணல் சிக்கியிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கும் நிற்காவிட்டால் ஒரு ப்ரெஷர் கேஜை மாட்டித் தண்ணீரின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். கீசர் தாங்கும் அழுத்தம் அதன் உடம்பில் ஒட்டிய தகட்டிலேயே இருக்கும்; 0.8 மெகாபாஸ்கல் என்றால் 8 பார். பத்து மீட்டர் உயரத் தொட்டி ஒரு பார்தான் தரும். ஆகவே மிகை அழுத்தம் என்றால் பெரும்பாலும் பம்ப்தான் காரணம். பம்ப் தரும் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது அழுத்தம் குறைக்கும் வால்வு வையுங்கள். அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்றால் மட்டும் சேஃப்டி வால்வை மாற்றுங்கள்.

டேங்க் ஓட்டையை வெல்டிங், எபாக்ஸி வைத்து அடைப்பது

நிற்காது. டேங்க் போனால் கீசரை மாற்றுவது ஒன்றே வழி.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது

தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் உட்காரும் ஃபிளேஞ்சின் (மூடித் தகட்டின்) ஓரத்தில் கசிந்தால் அது கேஸ்கெட், அதாவது நடுவில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். சரிசெய்யக்கூடியதுதான், செலவும் பெரிதில்லை. ஆனால் திறந்த பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் மூடுபவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. எலிமென்ட் பக்கத்தில் மக்னீசியம் ஆனோட் ராடு ஒன்று இருக்கும். டேங்கின் இரும்பு அரிக்காமலிருக்க, தான் கரைந்துபோவதற்கென்றே வைத்தது அது. விரல் தடிமனில் இருந்தால் நல்லது. தோல் உரிந்த குச்சி மாதிரி நடுக்கம்பி மட்டும் தெரிந்தால், டேங்க் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். கேஸ்கெட்டோடு ராடையும் மாற்றுங்கள்.

அடுத்து, கேஸ்கெட் உட்காரும் இரும்பு வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் சரிசெய்யலாம். துருக் கொப்புளமும் குழியுமாகச் சொரசொரத்தால் எந்தக் கேஸ்கெட்டும் அதில் படியாது. மூன்று மாதத்தில் உங்களையே திரும்பக் கூப்பிடுவார்கள். மாற்றச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் முடிவெடுப்பது இந்த விரலை வைத்துத்தான். கீசர் எத்தனை வருடப் பழசு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போடுவது

வேண்டாம். மேலே சிலிக்கான் பூசினாலும் வேண்டாம்.

வாரண்டி அட்டையைத் தேடாமல் பழைய கீசரைப் போட்டுவிடுவது

பல கீசர்களில் டேங்குக்கு மட்டும் தனி வாரண்டி இருக்கும், மற்ற பாகங்களுக்கு உள்ளதைவிட நீளமாக. அட்டையைப் பாருங்கள். வெளியாள் யாராவது திறந்தால் அது செல்லாது என்றும் சிலவற்றில் போட்டிருக்கும். அப்படி இருந்தால் நானே ஸ்பேனரை எடுக்காமல் கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்லிவிடுவேன்.

புது கீசரைப் பழைய அழுத்தத்திலேயே மாட்டுவது

பழையதைக் கொன்ற பம்ப் அங்கேயேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

மாட்டிய கையோடு ஸ்விட்சைத் தட்டுவது

தண்ணீர் இல்லாத டேங்கில் எலிமென்ட் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். புஸ்ஸென்று காற்று வரும், பிறகு விட்டு விட்டுத் துப்பும், பிறகு தண்ணீர் கம்பியாக இறங்கும். அப்படி இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் குழாயை மூடி, இணைப்புகளில் ஒருமுறை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.