டே கேர் மூடியிருந்தபோது பணத்தில் நடந்த தவறுகள்

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட மாவட்டப் பட்டியலில், தமிழ்நாட்டிலேயே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான் தொற்று இல்லாத பச்சை மண்டலம். அதனால் ஓசூரில் நாங்கள் எல்லோரும் 'அடுத்த வாரம் டே கேர் திறந்துவிடும்' என்றே நம்பிக்கொண்டிருந்தோம். கட்டணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சிலர் முழுசாகக் கட்டினார்கள், சிலர் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

சொல்லாமல் நிறுத்தியதைத்தான் பெரிய தவறு என்பேன். டே கேர் என்பது பெரும்பாலும் ஒரு வாடகை வீடும் இரண்டு மூன்று ஆயாக்களும்தான். நம் பணம் நின்றால் முதலில் நிற்பது, நம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய அந்த அம்மாவின் சம்பளம். அதற்காக முழுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. சாப்பாடு, வேன் செலவைக் கழித்துவிட்டு, வாடகைக்கும் சம்பளத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒரு பங்கு கொடுக்கலாம். நாங்கள் மீதியில் பாதி என்று பேசி முடித்தோம்.

ஆனால் அதை எழுதி வாங்காமல் விட்டோம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சை நம்பியதால், திறந்தபிறகு பழைய பாக்கி என்று ஒரு தொகை கேட்டார்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு, அட்வான்ஸில் கழியுமா என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

கையில் பணமில்லாதபோது பி.எஃப்.பில் கைவைத்தவர்கள் பலர். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுக்க அப்போது அனுமதி இருந்தது. திருப்பிக் கட்ட வேண்டாம் என்பதால் எளிதாகத் தோன்றும், ஆனால் அது வயதான காலத்துப் பணம். கடன் தவணையைத் தள்ளிப்போட்டவர்களுக்கும் வட்டி நிற்காமல் ஏறியது.

மே மாதம் கம்பெனிகள் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டோம். கூலி எவ்வளவு என்றதற்கு 'பார்த்துக் கொடுங்க' என்றார், நாங்களும் சரி என்றோம். அங்கேயும் தவறிவிட்டோம். ஷிஃப்ட் முடிந்து வர நேரமானால் எவ்வளவு, லீவு நாளில் எவ்வளவு என்று முதல் நாளே பேசியிருக்க வேண்டும். முக்கியமாக, அவருக்கோ அவர் வீட்டிலோ காய்ச்சல் என்றால் அன்றைய கூலி பிடிக்கப்படாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் தொண்டை வலியை மறைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். கேட்டபோது, "கூலி போயிடுமேன்னுதான் கண்ணு சொல்லல" என்றார்.