எம்எக்ஸ், எஸ்பிஎஃப்: எங்கே சறுக்குகிறோம்?

ஒரு டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை டிஎன்எஸ்ஸில் (டொமைன்களுக்கான முகவரிப் புத்தகம் மாதிரி) உள்ள எம்எக்ஸ் (MX) பதிவு சொல்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு முன்னுரிமை எண் இருக்கும். 10, 20 என்று இரண்டு பதிவுகள் இருந்தால் 10-க்குத்தான் முதலிடம். எண் பெரிதானால் முன்னுரிமை குறையும். பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். எம்எக்ஸில் ஐபி முகவரி எழுதுவதும் தவறு. சர்வரின் பெயர்தான் வர வேண்டும், அந்தப் பெயரும் சிநேமாக (CNAME, அதாவது இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) இருக்கக் கூடாது.

இதெல்லாம் சின்னத் தவறு, உடனே தெரிந்துவிடும். தெரியாமலே படுத்துவது 'பேக்கப்' எம்எக்ஸ், அதாவது முதன்மை சர்வர் இயங்காதபோது மெயிலை வாங்கி வைக்கும் மாற்று சர்வர். சர்வர் மாற்றியபோது, அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று பழையதை 20-இல் விட்டுவைத்தேன். புதியதில் நல்ல வடிகட்டி இருந்தும் ஸ்பேம் குறையவே இல்லை. மெயில் ஹெட்டரைப் பிரித்துப் பார்த்தால், குப்பை முழுக்க அந்தப் பழைய சர்வர் வழியாக வந்துகொண்டிருந்தது. முன்வாசலில் காவல் இருந்தால் கொல்லைப்புறம் போவதுதானே வழக்கம்? ஸ்பேம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே பெரிய எண் உள்ள சர்வரைத் தேடிப் போவார்கள். நம் பேக்கப்தானே என்று முதன்மை சர்வரும் உள்ளே விட்டுவிடும். உண்மையில், நம் சர்வர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டாலும் ஒழுங்கான சர்வர்கள் மெயிலை வைத்திருந்து திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் பேக்கப் தேவைப்படுவதே அபூர்வம். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதே வடிகட்டியை அதிலும் போடுங்கள்.

அடுத்தது எஸ்பிஎஃப் (SPF), அதாவது நம் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். புதிய சேவை ஒன்றில் சேரும்போது அவர்கள் தரும் வரியை அப்படியே டிஎன்எஸ்ஸில் இரண்டாவது டெக்ஸ்ட் (TXT) பதிவாக ஒட்டிவிடுகிறோம். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள். அதற்காக இன்க்லூடுகளை (வேறொரு டொமைனின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்னும் குறிப்புகள்) அடுக்கவும் கூடாது. மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் அதுவும் பிழைதான்.

நம் பெயரில் வந்து சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்வது டிமார்க் (DMARC). அதை 'நன்' (none) நிலையில் வைத்துவிட்டு அப்படியே மறப்பது இன்னொரு தவறு. அது வேவு பார்க்க மட்டும்தான், போலி மெயிலைத் தடுக்காது. சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு 'குவாரன்டைன்' (சந்தேக மெயிலாக ஒதுக்கு), அப்புறம் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று ஏற்றுங்கள்.

மெயிலே பயன்படுத்தாத டொமைனை மொட்டையாக விடாதீர்கள். எம்எக்ஸ் இல்லாவிட்டால் மெயில், டொமைனின் ஐபி முகவரியைச் சொல்லும் 'ஏ' (A) பதிவில் உள்ள சர்வரைத் தேடிப் போகும். முன்னுரிமை 0, சர்வர் பெயருக்குப் பதில் வெறும் ஒரு புள்ளி: இப்படி ஒரு எம்எக்ஸ் போட்டால் இங்கே மெயில் வாங்குவதில்லை என்று அர்த்தம். கூடவே, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கும் அனுமதி இல்லை என்று ஒரு எஸ்பிஎஃப் போடுங்கள்.