டீலரிடம் மசில் கார் வாங்குமுன் அது அசலா என்று பார்ப்பது எப்படி

ஷெவர்லேயின் ஒரு சாதாரண மாலிபுவை, அதன் வேகப் பதிப்பான ஷெவெல் எஸ்எஸ் ஆக மாற்றத் தேவையான எல்லாமே கேட்டலாக்கில் கிடைக்கின்றன. பேட்ஜ், ஹூட், பட்டை, சீட் கவர், டாஷ்போர்டு மீட்டர் வரை புதிதாகவே வாங்கலாம். கதவில் ஒட்டும் தகடும் காகித லேபிளும்கூட மறு அச்சில் வருகின்றன. அதனால் 1964 முதல் 1972 வரையிலான அமெரிக்க மசில் கார் (பெரிய, சக்திவாய்ந்த எஞ்சின் வைத்த வேகக் கார்) வாங்கும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்களும் ஆவணங்களும்தான் சாட்சி, அவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்பலாம்.

ஷோரூமுக்குப் போகுமுன் டீலரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: வின் (காரின் அடையாள எண்) தகடு, பாடியில் உள்ள டிரிம் டேக் (பாடி பற்றிய ஆலைக் குறிப்புத் தகடு), எஞ்சின் பிளாக்கில் எண் குத்திய இடம், டைட்டிலின் (உரிமைப் பத்திரத்தின்) இரு பக்கங்கள், கையில் இருப்பதாகச் சொல்லும் ஆவணங்கள். எஞ்சின் எண்ணின் படம் மட்டும் வராமல் இழுத்தடித்தால் உஷாராகுங்கள். ஷெவர்லே எஞ்சினில் ஆல்டர்னேட்டரோ ஏசி பிராக்கெட்டோ அந்த இடத்தை மறைப்பது உண்மைதான். ஆனால் இந்த விலைக்கு விற்பவர் நாலு போல்ட்டைக் கழற்றிக் காட்டட்டும்.

வின் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

17 இலக்க வின் 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி முறை. பழைய கார்களுக்கு ஆன்லைன் வரலாற்று அறிக்கை பெரும்பாலும் கிடைக்காததற்குக் காரணமும் இதுவே.

கிரைஸ்லர் கார்களிலும் (பிளிமத், டாட்ஜ்) ஃபோர்டிலும் வேலை சுலபம். இரண்டிலும் வின்னின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைக் குறிக்கும். 1970 பிளிமத்தில் அது 'ஆர்' என்றால் 426 ஹெமி (ஹெமி எஞ்சின் வகை, எண் கன அங்குலத்தில் அதன் அளவு), 'வி' என்றால் 440 சிக்ஸ் பேரல். 1969 மஸ்டாங்கில் 'ஆர்' என்றால் ராம் ஏர் வைத்த 428 கோப்ரா ஜெட், 'இசட்' என்றால் பாஸ் 429. அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தால், ஹூட்டுக்குக் கீழே இன்று ஹெமியே உட்கார்ந்திருந்தாலும் கார் ஹெமி காராகப் பிறக்கவில்லை.

ஷெவர்லேயில்தான் சிக்கல். 1971 வரை அதன் வின் எஞ்சினைச் சொல்லாது, 6 சிலிண்டரா வி8-ஆ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். 1967–69 கமாரோவில் 124 என்று தொடங்கினால் வி8, அவ்வளவுதான். அது எஸ்எஸ்-ஆ, இசட்/28-ஆ என்று வின்னைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1966 முதல் 1968 வரை ஷெவெல் எஸ்எஸ் 396 தனி மாடல், வின் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆனது, 138 போய்விட்டது. போலிகள் 1969 முதலான ஷெவெல்லில் குவிவது ஏன் என்று இதிலிருந்தே புரியும். பான்டியாக் ஜிடிஓவில் 1966–71 கார்களுக்கு வின் 242 என்று தொடங்க வேண்டும். 1964, 1965-இல் அது லெமான்ஸ் என்ற மாடலின் ஆப்ஷன்தான், வின்னில் தெரியாது.

தகட்டைப் பார்க்கும்போது ரிவெட்டையும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் (ஷெவர்லே, பான்டியாக்கின் தாய் நிறுவனம்) 1965 முதல் வின் தகட்டுக்குப் பூ இதழ் போன்ற தலை உள்ள ரிவெட் போட்டது. உருண்டைத் தலை பாப் ரிவெட்டோ, சுற்றிலும் கீறலோ, ரிவெட்டின் மேல் பெயின்ட்டோ இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். வின்னைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் ஃபெடரல் குற்றம். பழுதுபார்க்க அவசியமானால் மட்டும் சில விலக்குகள் உண்டு. அப்படி மாற்றிய காரைத் தெரியாமல் வாங்கினாலும் போலீஸ் கைப்பற்றலாம்.

அடுத்து, மறைவாகக் குத்திய எண். 1968–69 கமாரோவில் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல் கிரில்லைக் கழற்றினால் வின்னின் கடைசிப் பகுதி தெரியும், ஹீட்டர் புளோயருக்குப் பின்னாலும் ஒன்று உண்டு. மஸ்டாங்கில் இடப்பக்க உள் ஃபெண்டரின் மேல் விளிம்பில் இருக்கும், பாதி ஃபெண்டருக்கு அடியில் மறைந்திருக்கலாம். 1970 டாட்ஜ் சேலஞ்சர், பிளிமத் 'குடா கார்களில் ரேடியேட்டர் சப்போர்ட்டில் தேடுங்கள். டாஷில் ஒரு எண், பாடியில் வேறொரு எண் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

எஞ்சின் பிளாக்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ஷெவர்லே வி8-இல் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறிய தட்டையான பகுதி இருக்கும். அங்கே இரண்டு வரிசை எண்கள் குத்தியிருப்பார்கள். ஒன்று எஞ்சின் ஆலையில் குத்தியது: 'டி0214' (T0214) என்றால் டோனவாண்டா ஆலை, பிப்ரவரி 14. 'வி' என்றால் ஃப்ளின்ட். பின்னால் வரும் எழுத்துகள் எஞ்சின் வகையைச் சொல்லும். 1969 இசட்/28-இன் 302-க்கு அது 'டிஇசட்' (DZ). இன்னொரு வரிசை கார் ஆலையில் குத்திய வின்னின் பகுதி. 1969-இல் நார்வுட் ஆலையில் வந்த கமாரோ என்றால் '19என்' என்று தொடங்கி, வின்னின் கடைசி ஆறு இலக்கங்களோடு முடிய வேண்டும்.

இரண்டும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கருவியால் குத்தியவை. எழுத்தின் வடிவமும் ஆழமும் வேறுபடுவதுதான் இயல்பு. இரண்டும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில் இருந்தால் ஒரே மேசையில் குத்தியதோ என்று சந்தேகப்படுங்கள்.

அதைவிட முக்கியம், எழுத்துக்குப் பின்னால் உள்ள பரப்பு. ஆலையில் பிளாக்கைச் சீவும்போது முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கோடுகள் இல்லாமல் வழவழப்பாகவோ, வட்டக் கீறலாகவோ இருந்து, எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால், பழைய எண்ணை இழைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். எஞ்சினை ரீபில்ட் செய்தபோது மேல்பரப்பை இழைத்து எண் போய்விட்ட நேர்மையான கார்களும் உண்டு. ஆனால் அதில் எண்ணே இருக்காது, புத்தம் புது எண் இருக்காது. 'சிஇ' என்று தொடங்கினால் வாரன்ட்டியில் மாற்றிக் கொடுத்த எஞ்சின். அது ஏமாற்று அல்ல, ஆனால் முதல் எஞ்சினும் அல்ல. விலையில் அது தெரிய வேண்டும்.

எண்ணின் மேல் உள்ள எண்ணெயையும் பெயின்ட்டையும் தின்னர் நனைத்த துணியாலும் பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ பட்டால் நீங்கள் தேடி வந்த கோடுகளையே அழித்துவிடுவீர்கள்.

பிறகு தேதிகளை வரிசைப்படுத்துங்கள். பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும்: ஏ முதல் எல் வரை 12 எழுத்துகள் 12 மாதங்கள், அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். 'பி 5 9' என்றால் 1969 பிப்ரவரி 5. அதன் பிறகு எஞ்சின் கோத்த தேதி, பிறகு டிரிம் டேக்கில் உள்ள பாடித் தேதி ('03ஏ' என்றால் மார்ச் முதல் வாரம்). இந்த வரிசை மாறக் கூடாது. எஞ்சின் காரைவிட இளையது என்றால் கதை முடிந்தது. ஒரு பொறியும் இருக்கிறது: ஆண்டு ஒற்றை இலக்கம் என்பதால் 9 என்பது 1979-ஆகவும் இருக்கலாம். 3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக் 1969-இலும் வந்தது, 70களிலும் தொடர்ந்து வந்தது. கோத்த தேதியிலோ ஆண்டே இருக்காது.

எஞ்சினோடு நிற்க வேண்டாம். பெரிய எஞ்சின் வைத்த கமாரோவுக்கு 12 போல்ட் பின் ஆக்ஸிலும் 3/8 அங்குல ஃப்யூயல் லைனும் இருக்க வேண்டும், சின்ன எஞ்சின் காரில் லைன் 5/16. 4 ஸ்பீட் கியர் வைத்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் பின் ஷாக் அப்சார்பர்கள் ஒன்று ஆக்ஸிலுக்கு முன்னும் ஒன்று பின்னுமாக இருக்கும். போலி செய்பவர்கள் ஹூட்டுக்குக் கீழே கவனம் செலுத்துவார்கள், காருக்கு அடியில் சோம்பல்படுவார்கள்.

ஆவணங்கள்

டீலர் நீட்டும் நகலை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, வின்னைக் கொடுத்து நீங்களே தனியாக வரவழையுங்கள். பான்டியாக்குக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட். இரண்டும் ஆலைப் பதிவிலிருந்தே எடுத்துத் தருபவை. கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கும் பதிவு கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு இப்படி எதுவும் இல்லை. பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டிய பில்ட் ஷீட் (காரில் எதையெல்லாம் பொருத்த வேண்டும் என்ற ஆலைப் பட்டியல்), முதல் உரிமையாளருக்குக் கொடுத்த ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற உலோக அட்டை, பழைய இன்வாய்ஸ் ஆகியவைதான் கதி. கிரைஸ்லரில் பில்ட் ஷீட் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் கிடைக்கும். துரு, எலிக் கறை, ஸ்பிரிங் அழுத்திய தடம் எல்லாம் அதில் இருப்பது நல்ல அறிகுறி.

பேரமும் ஒப்பந்தமும்

விளம்பரத்தில் 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று போட்டிருந்தால், என்ன அர்த்தத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு அது முதல் எஞ்சின். சிலருக்கு அதே ஆண்டில் வார்த்த ஏதோ ஒரு பிளாக். 'டேட் கரெக்ட்' என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அந்த மாடலை மட்டுமே பார்க்கும் நிபுணரை நீங்களே தேடி, நீங்களே பணம் கொடுத்து அனுப்புங்கள், டீலர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். கார் கன்சைன்மென்ட்டில் (வேறொருவரின் காரை டீலர் விற்றுத் தரும் முறையில்) நிற்கிறதா என்றும் கேளுங்கள். அப்படியானால் பில்லில் விற்பவர் யார், பொய் என்று தெரிந்தால் யார் பொறுப்பு என்பது முக்கியம்.

'இதுவே முழு ஒப்பந்தம்' என்ற வரி பில்லில் இருந்தால், சேல்ஸ்மேன் வாயால் சொன்னதை வைத்து வழக்காடுவது கடினம். எனவே பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'இந்த வின் கொண்ட கார் ஆலையிலிருந்து எஸ்எஸ் 396 ஆக வந்தது, இப்போதுள்ள பிளாக் அதன் முதல் பிளாக்.' 'ஆஸ் ஈஸ்' (உள்ளது உள்ளபடி) என்று அச்சிட்டிருந்தாலும் இப்படி எழுதிக் கொடுத்த உறுதிமொழியை அது பொதுவாக அழிக்காது. சோதனை முடிவும் ஆலைப் பதிவும் சரியாக வந்தால் மட்டுமே முன்பணம் செல்லும், இல்லையேல் முழுதும் திரும்பும் என்று எழுதி வாங்கிய பின்பே அதைக் கொடுங்கள்.