புள்ளி போட்டது யார்? நிறுவன நடத்தை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு ஆய்வுக்காலம் வந்தால் ஒரே காட்சிதான். மாணவர்கள் ஐம்பது அறுபது வினாக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு வவுனியாவில் பஸ் ஏறுவார்கள். ஏ9 வீதியில் மாங்குளம், கிளிநொச்சி என்று இறங்கி ஒரு வங்கிக் கிளை, ஒரு கூட்டுறவுச் சங்கம், ஓர் ஆடைத் தொழிற்சாலை பார்ப்பார்கள். தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேலைத் திருப்தி ஊழியரின் செயலாற்றுகையில் செலுத்தும் தாக்கம். பிழைகளும் புதியவை அல்ல, இன்று சிவப்புப் பேனா பிடிப்பவர்கள் அன்று விட்டவைதான். எழுத்துப்பிழை, உசாத்துணை ஒழுங்கு, பக்க எண் பற்றி இங்கே பேச்சில்லை. அவற்றை ஓர் இரவிருந்து திருத்திவிடலாம்.

மாஸ்லோவுக்கு முக்கோணம் கட்டுவது

மனிதத் தேவைகளை அடுக்கடுக்காகப் பிரித்த ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில், பாடப்புத்தகங்களில் வரும் அந்த முக்கோணம் கிடையாது. அது பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை நூறு வீதம் நிறைந்த பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்பதையும் அவர் அந்தக் கட்டுரையிலேயே மறுக்கிறார். கூரை வேலை முடியாத வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையின் ரியூசனுக்கும் கோயில் திருவிழாவுக்கும் காசு ஒதுக்குகிற ஊரில் வளர்ந்தவர்கள், படிப்படியாக ஏறுகிற கதையை அப்படியே ஒப்புவிப்பதுதான் வியப்பு.

ஊழியரிடமே செயலாற்றுகைக்குப் புள்ளி கேட்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற தவறு இது. மற்றவற்றைத் திருத்தலாம். இது தரவு திரட்டிய அன்றைக்கே ஆய்வை முடித்துவிடும்.

ஒவ்வொரு கூற்றுக்கும் 1 (உடன்படவில்லை) முதல் 5 (முற்றிலும் உடன்படுகிறேன்) வரை வட்டம் போட வேண்டும். படிவத்தின் முதற்பகுதியில் திருப்தி பற்றி இருபது கூற்று. இரண்டாம் பகுதியில் "எனது கடமைகளை உரிய நேரத்தில் முடிக்கிறேன்", "எனது வேலை தரமானது" என்று ஏழெட்டு. இரண்டுக்கும் விடை தருவது ஒரே ஆள், ஒரே பேனா, ஒரே பத்து நிமிடம். நேரத்துக்கு முடிப்பதில்லை என்று 1இல் வட்டம் போட எவருக்கு மனம் வரும்? விடைகள் 4இலும் 5இலும் குவியும். அன்று காலையில் சுப்பவைசர் சிரித்துப் பேசியிருந்தால் இரண்டு பகுதியும் சேர்ந்து ஏறும், ஏசியிருந்தால் சேர்ந்து இறங்கும். எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிற பழக்கமுள்ளவர் இரண்டிலும் ஆமாம் போடுவார். இப்படிச் சேர்ந்து அசைவதைத்தான் கணினி இணைபு (correlation) என்று காட்டுகிறது. போட்சகோவும் கூட்டாளிகளும் 2003இல் இந்த வகைச் சாய்வுகளை விரிவாக வகைப்படுத்தி எழுதிவிட்டார்கள்.

கடைசியில் 0.7 என்று ஓர் இணைபுக் குணகம் வரும், மாணவருக்குப் பெரிய மகிழ்ச்சி. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த இயஃபால்டானோ, முச்சின்ஸ்கி இருவரும் 1985இல் திருப்திக்கும் செயலாற்றுகைக்கும் இடையே கண்டது ஏறத்தாழ 0.17. ஜட்ஜும் மூவரும் 2001இல் அளவீட்டு வழுக்களைச் சரிசெய்து கண்டது 0.30. அதை வர்க்கித்தால், செயலாற்றுகையின் ஏற்ற இறக்கத்தில் திருப்தியோடு சேர்ந்து போகும் பங்கு 9 வீதம், உங்கள் 0.7ஐ வர்க்கித்தால் 49 வீதம். ஒரு கிளையின் அறுபது பேரில் மட்டும் திருப்தி இவ்வளவு வேலை செய்கிறதென்றால், சந்தேகப்பட வேண்டியது படிவத்தைத்தான்.

வன்னியில் இது இன்னும் மோசமாகும். 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே படிவம் என்றால் மீள்குடியேற்றம், நிவாரணம், வீட்டுத்திட்டம். எதை எழுதினால் பெயர் பட்டியலில் வரும், எதை எழுதினால் வெட்டுப்படும் என்று பார்த்துப் பார்த்து நிரப்பிப் பழகிய கை. அந்தக் கையிடம் "நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்களா" என்ற தாளை வேலையிடத்தில் வைத்து நீட்டினால், ஆட்குறைப்புக்கோ சம்பள உயர்வுக்கோ எடுக்கிறார்கள் என்றுதான் எண்ணும். விடையும் அதற்கேற்றபடி வரும்.

தவறு தெரியவந்ததும் சிலர் ஹார்மனின் ஒற்றைக் காரணிச் சோதனைக்கு ஓடுவார்கள். எல்லா விடைகளின் ஏற்ற இறக்கத்திலும் ஒரே காரணி எவ்வளவு பங்கை விளக்குகிறது என்று அது பார்க்கும். முதற்காரணி 50 வீதத்துக்குக் கீழே, ஆகவே சாய்வு இல்லை என்று ஒரு வரி. அந்தச் சோதனை மிகப் பலவீனமானது. அதில் தேறியது எதையும் நிரூபிக்காது.

அப்படியென்றால் என்ன செய்வது? செயலாற்றுகைக்கு வேறொரு வாய் வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் அது லைன் கணக்கிலேயே கிடக்கிறது. ஓர் உருப்படிக்கு நிர்ணயித்த நிமிடத்தை எண்ணிக்கையால் பெருக்கி, வேலை செய்த நிமிடத்தால் வகுத்தால் வினைத்திறன். 0.6 நிமிட வேலையில் 600 உருப்படி என்றால் 360 நிமிடம். எட்டு மணித்தியாலம் 480 நிமிடம். ஆக 75 வீதம். ஒருநாள் எண்ணை எடுக்காதீர்கள், நாலு கிழமைச் சராசரி எடுங்கள். புது டிசைன் ஏற்றிய முதல் நாட்களைத் தள்ளுங்கள். அப்போது எல்லோருக்கும் இறங்கும், திருப்திக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் அப்படி எண் இல்லை. அங்கே நேரடி மேலதிகாரி புள்ளி போடட்டும். வில்லியம்ஸ், அண்டர்சன் 1991இல் தந்த அளவுகோலில் ஒப்படைத்த வேலை பற்றிய ஏழு கூற்றுகள் போதும். ஓர் அதிகாரியிடம் ஐந்தாறு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏழாவது ஆளிலிருந்து ஒரே நேர்கோட்டில் வட்டம் விழும். கை தாராளமான அதிகாரி எல்லோருக்கும் 4.6 போடுவார், கறாரானவர் 3.2இல் நிற்பார். ஆகவே ஒவ்வொருவரின் புள்ளியிலிருந்தும் அந்த அதிகாரியின் சராசரியைக் கழித்துவிட்டுப் பகுப்பாய்வுக்குப் போங்கள்.

இரண்டு படிவத்தையும் பொருத்த இலக்கம் வேண்டும், பெயர் வேண்டாம். ஊழியரின் சம்மதத்தை முதலில் வாங்கி, அவருடைய படிவத்தை ஒட்டிய உறையில் உங்கள் கையிலேயே பெறுங்கள். அதிகாரியின் படிவத்தில் இலக்கத்தை அச்சடித்து, பெயரைத் தனித் துண்டில் எழுதி ஸ்டேப்ளர் அடியுங்கள். நிரப்பியதும் அவர் முன்னாலேயே துண்டைக் கிழித்துவிடுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும், தரவு ஏற்றி முடிந்ததும் அதையும் அழியுங்கள். இரண்டு படிவத்துக்கும் இடையில் இரண்டு கிழமை விட்டால் இன்னும் நல்லது.

இதற்கு அனுமதி கிடைக்கவில்லையா? தலைப்பை மாற்றுங்கள். வேலையை விட்டுப் போகும் எண்ணம், மன அழுத்தம் போன்றவற்றை அவரவரிடம்தான் கேட்கமுடியும், கேட்பதில் பிழையும் இல்லை. சுயமதிப்பீட்டை வைத்துக்கொண்டு அட்டையில் செயலாற்றுகை என்று அச்சடிப்பதுதான் பொய்.

படிவத்தை முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டு வருவது

அவர் மேசை வழியாகத் திரும்பிவரும் தாளில் அவரைப் பற்றி ஒரு குறையும் இராது.

மோர்கன் அட்டவணையைக் கும்பிடுவது

எத்தனை பேர் உள்ள இடத்தில் எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி, மோர்கன் இருவரின் 1970 அட்டவணைப்படி நூறு பேருக்கு 80, இருநூறு பேருக்கு 132. எழுமாற்றாக எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகப்பட்ட 80 பேர் அந்த 80 அல்ல. ஐம்பது பேர் உள்ள இடத்தில் அது 44 கேட்கும். ஆறு பேரை விட்டு என்ன மிச்சம்? ஐம்பதையும் எடுங்கள்.

வினாக்கொத்தை ஓர் இரவில் தமிழாக்குவது

பாடப்புத்தகமும் அளவுகோலும் ஆங்கிலத்தில், விடை சொல்கிறவர் தமிழில். நடுவில் சிக்குவது சொற்கள். "உங்கள் நிறுவனம்" என்று கேட்டால், இங்கே பலருக்கு நிறுவனம் என்றால் தொண்டு நிறுவனம். "நான் நிறுவனத்தில இல்லைத் தம்பி, கச்சேரியில" என்று பதில் வரும். "இந்த அலுவலகம்", "இந்த ஃபக்ரறி" என்று இடத்தைச் சொல்லி எழுதுங்கள். மேயரும் அலனும் தம் அளவுகோலில் சொல்லும் நிறுவனப் பற்றுறுதியை (organizational commitment) அர்ப்பணிப்பு என்று போடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு வன்னியில் தியாகத்தின் பாரம் இருக்கிறது. அதில் 2 போடுவது துரோகம் மாதிரி உறுத்தும், ஆகவே ஒருவரும் போடமாட்டார்.

ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலமும் விலகுகிற இடத்தைத் திருத்துங்கள். பிறகு ஐந்து ஊழியர்களை இருத்தி, ஒவ்வொரு கூற்றும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சிங்களம் பேசுகிறவர்கள் வேலை செய்யும் இடமென்றால் இத்தனையும் சிங்களத்திலும் வேண்டும்.

எதிர்க்கூற்றைத் திருப்பாமல் விடுவது

"இந்த வேலை எனக்குச் சலிப்பு" போன்ற எதிர்க்கூற்றில் 5 என்றால் திருப்தி இல்லை என்று பொருள். அந்த விடையை 6இலிருந்து கழியுங்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் அல்பா 0.7க்குக் கீழே போனது என்று ஒரு கூற்றைத் தூக்கியெறிய முன்னர் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாதம் பாராமல் வரவுப்பதிவை எடுப்பது

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வயலுள்ள வீட்டுப் பிள்ளை அந்த நாட்களில் லீவு எடுத்தால் அது வேலையில் வெறுப்பு அல்ல. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழா. கடன் வசூலிக்கும் உத்தியோகத்தரின் புள்ளியும் இப்படித்தான், நெல் விற்ற மாதத்தில் அவர் சிங்கம், விதைத்த மாதத்தில் சோம்பேறி. வருட முழுவதுக்கும் எடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒரே மாதத்தை எடுங்கள்.

ஹோதோர்னை ஒரு வரியில் முடிப்பது

"கவனித்தால் உற்பத்தி கூடும்." எல்லா ஆய்விலும் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த வரி இருக்கும். சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது ஒரு பரிசோதனை அல்ல, பல. ரிலே பொருத்தும் அறையில் இருந்த ஐந்து பெண்களில் இருவரை 1928 தொடக்கத்தில் மாற்றினார்கள். சம்பளக் கணக்கையும் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு கட்டினார்கள். கூடியதற்குக் கவனிப்பு மட்டும்தான் காரணமா?

வயர் இணைக்கும் அறையில் 1931இலும் 1932இலும் பதினான்கு ஆண்களை ஓர் ஆய்வாளர் பக்கத்திலிருந்தே கவனித்தார். உற்பத்தி கூடவில்லை. கூட்டினால் இலக்கை உயர்த்திவிடுவார்கள் என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள், மீறினவனைக் கேலி செய்து அடக்கினார்கள். மேலே சொன்ன வினைத்திறன் எண்ணுக்கும் இது பொருந்தும். ஒரு லைனின் எண் நாலு கிழமையாக ஏறாமல் இறங்காமல் கிடந்தால், அதைச் செயலாற்றுகை என்று பதிய முன்னர், ரார்கெட்டைக் கடைசியாக எப்போது கூட்டினார்கள் என்று அந்த லைனில் இருக்கும் அக்காமாரிடம் கேளுங்கள்.