மேடைக்கு ஒரு கனத்த உடம்பு: திணிப்பு உடை தைக்கும் முறை

ஒல்லியான ஒருவர் மேடையில் பருத்த உடம்போடு வரவேண்டும் என்றால் நம் நாடகக் குழுக்களில் முதலில் கை போவது தலையணைக்குத்தான். வயிற்றில் தலையணையை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையை மாட்டிவிடுவோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மெஸ் நடத்துகிற ஒரு பெரியவர் வேடம். மகள் கல்யாணத்துக்குப் பணம் புரளாமல் அவர் உடைந்து உட்காருகிற காட்சியில் தலையணை நெஞ்சுக்கு ஏறிவிட்டது. அரங்கமே சிரித்தது. அந்த நடிகர் அதற்காக இரண்டு மாதம் உழைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

தையல் மிஷினில் நேர்த்தையலும் ஜிக்ஜாக் தையலும் போடத் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம். நான் சொல்வது ஆண் வேடத்துக்கு, வயிறும் மேலுடம்பும். பெண் வேடம் என்றால் கனம் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேரும். தைக்கிற முறை இதேதான்.

முதலில் பார்க்க வேண்டியது

துணி வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மனிதர்களைக் கவனியுங்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில். உறுத்துகிற மாதிரி முறைத்துப் பார்க்க வேண்டாம், மரியாதையாகக் கவனித்தால் போதும். தொப்பை உள்ளவருக்கு வயிறு மட்டும் பெரிதாக இருப்பதில்லை. மார்பு கொஞ்சம் சரிந்திருக்கும், விலாவில் சதை மடிந்திருக்கும், முதுகு அகன்றிருக்கும். வயிற்றின் மிகப் பருத்த இடம் பலருக்குத் தொப்புளை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். சதைக்கு எடை உண்டு, அதனால் அது தொங்கும். தலையணைத் தொப்பை பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் அதில் இந்தத் தொங்கல் இல்லாததுதான்.

அளவும் கணக்கும்

எங்கள் நடிகருக்கு இடுப்புச் சுற்றளவு 29 அங்குலம். வேடத்துக்கு 44 வேண்டும். 15 அங்குலம் கூடுகிறது என்றதும் பயந்துவிடாதீர்கள். சுற்றளவில் 15 கூடினால் தடிமனில் சராசரியாக 2.4 அங்குலம்தான் வரும் (15ஐ 6.28ஆல் வகுங்கள்). அதையும் எல்லாப் பக்கமும் சமமாக வைக்கக் கூடாது, வைத்தால் பீப்பாய் மாதிரி இருக்கும். முன்பக்கம் நாலரை அங்குலம், விலாவுக்கு இரண்டிரண்டு, முதுகுக்கு முக்கால் அங்குலம் என்று பிரித்தேன். கணக்கு சரியாக வந்தது.

வாங்க வேண்டியவை

உடம்பை ஒட்டிப் பிடிக்கிற கையில்லாத பனியன் இரண்டு. ஒன்று திணிப்பைத் தைக்க, இன்னொன்று அதற்கு உள்ளே வியர்வைக்கு. தலையணைக்குப் போடுகிற ஃபைபர் பஞ்சு ஒரு கிலோ. அதே பஞ்சு விரிப்பாகவும் கிடைக்கும், அரை அங்குலத் தடிமனில் நான்கு மீட்டர். மேலே மூட நாலாபக்கமும் இழுபடுகிற லைக்ரா துணி இரண்டு மீட்டர். நாடா, எலாஸ்டிக், முதுகுக்கு நீள ஜிப், டிச் பட்டன், முக்கால் கிலோ கடுகு.

இலவம்பஞ்சு வேண்டாமா என்று கேட்பார்கள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைக்கு அருமையானது. ஆனால் வியர்வை பட்டால் கட்டி கட்டியாகிவிடும், துவைக்கவும் முடியாது. ஃபோம் வேண்டுமானால் மார்புக்கும் தோளுக்கும் மெல்லிசாக வைக்கலாம். வயிறு முழுக்க ஃபோம் வைத்தால் நடக்கும்போது அசையாமல் பெட்டி மாதிரி நிற்கும்.

அடித்தளம்

நடிகருக்குப் பனியனை மாட்டி நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். தொப்புள், மார்புக்காம்பு, விலா முடிகிற இடம், இடுப்பெலும்பு எல்லாவற்றையும் டெய்லர் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் உட்காரச் சொல்லி, வயிறு மடிகிற கோட்டையும் குறியுங்கள். இந்தக் கோடு ரொம்ப முக்கியம். திணிப்பு அந்த இடத்தில் மடிய வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்ததும் தாடைவரை எழும்பும்.

பனியனின் முதுகை நடுவில் வெட்டி ஜிப் வையுங்கள். கீழே, குழந்தைகளுக்குப் போடுகிற ரோம்பர் மாதிரி, முன்னிருந்து கால்களுக்கு இடையே பின்னால் போகிற பட்டையைத் தைத்து டிச் பட்டன் போடுங்கள். எங்கள் தலையணை நெஞ்சுக்கு ஏறியது இந்தப் பட்டை இல்லாததால்தான். வேறு எதைச் சுருக்கினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

அடுக்குவது

பஞ்சு விரிப்பை வயிற்று வடிவத்தில் ஒன்பது துண்டுகளாக வெட்டுங்கள். முதல் துண்டு உள்ளங்கை அளவு, அடுத்தது அதைவிட ஒரு விரல் பெரிது, கடைசித் துண்டு விலாவைத் தாண்டிப் போகும். சின்னதை உடம்பை ஒட்டியும் பெரியதை வெளியேயும் வைக்க வேண்டும். மாற்றி அடுக்கினால் படிக்கட்டு மாதிரி ஓரங்கள் சட்டைக்கு மேல் தெரியும். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கத்திரியால் சாய்வாகச் சீவிவிடுங்கள். ஓரங்களை விரலால் பிய்த்துவிட்டாலும் நல்லது, பிசிறான ஓரம் தெரியவே தெரியாது.

இதை மிஷினில் தைக்க வேண்டாம், பஞ்சு அமுங்கிவிடும். கைத்தையல்தான். ஊசியை ஆழமாகக் குத்தாமல், நூலை இறுக்காமல், பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போடுங்கள். உட்காரும் கோட்டில் மட்டும் நூலைக் கொஞ்சம் இழுத்துத் தைத்தால் அங்கே இயல்பான மடிப்பு விழும். அடுக்குகளுக்கு நடுவே பள்ளமாகத் தெரிகிற இடங்களில் உதிரிப் பஞ்சைப் பிய்த்து வையுங்கள். உருண்டையாக வைத்தால் முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

கனம்

கைக்குழந்தையின் தலை உருண்டையாக வர வீட்டில் கடுகுத் தலையணை தைப்பார்கள் இல்லையா, அதே யோசனைதான். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் எட்டங்குல அகலப் பை தைத்து, அதை நான்கு குறுக்குத் தடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாதி மட்டும் கடுகை நிரப்புங்கள். தடம் பிரிக்காவிட்டால் கடுகெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி இறுகிவிடும். இந்தப் பையைத் தொப்புளுக்குக் கீழே, கடைசி அடுக்குக்கு உள்ளே, கழற்றி மாட்டுகிற மாதிரி டிச் பட்டனில் வையுங்கள். தோளிலிருந்து இரண்டு நாடா அதைத் தாங்கட்டும், இல்லையென்றால் பனியன் இழுபட்டுத் தொங்கும்.

இதைப் போட்டு முதல் தடவை நடந்தபோது நடிகரின் நடையே மாறிவிட்டது. எடை முன்னால் இழுத்ததும் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பின. நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்பு, முதுகு, மூடு துணி

மார்புக்கு அரையங்குலத்தில் இரண்டு அடுக்கு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. அக்குளை ஒட்டிச் சின்ன மடிப்பு ஒன்று. முதுகுக்கு ஒரு விரிப்பும், பாதித் தடிமனாகப் பிரித்த இன்னொன்றும் போதும். எல்லாவற்றையும் லைக்ராவால் மூடி ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால் இழுபடும்போது நூல் அறுந்துவிடும். துணியை மிதமாக இழுத்துப் பிடித்தால் போதும், ரொம்ப இழுத்தால் தொங்கல் போய்விடும்.

மேலே போடும் உடை

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 46 சைஸ் சட்டை வாங்கினால் தோள் கீழே இறங்கிவிடும். நடிகரின் தோளுக்குச் சரியான சட்டையை எடுத்து, பக்கத் தையலைப் பிரித்துத் துணி சேருங்கள். முன்பக்க நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டுங்கள், வயிறு அந்த நீளத்தைத் தின்றுவிடும். வேட்டியை வயிற்றுக்குக் கீழே கட்டுங்கள், முன்னால் தாழ்வாக, பின்னால் ஏற்றி. மெல்லிய கழுத்தும் மணிக்கட்டும் காட்டிக்கொடுக்கும் என்பதால் தோளில் ஒரு துண்டு, முழுக்கை, விரலில் கொஞ்சம் இறுக்கமான மோதிரம்.

போனில் வீடியோ எடுத்து உட்காருவது, குனிவது, படி ஏறுவது எல்லாவற்றையும் பாருங்கள். குறைந்தது ஒரு வாரம் ஒத்திகையில் அவர் இதைப் போட்டுப் பழக வேண்டும்.

நடிகரின் உடம்புக்கு

உள்ளே கடும் சூடு. அரை மணிக்கு ஒரு முறை ஜிப்பைத் திறந்து காற்று வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் விடுங்கள். தலை சுற்றுகிறது என்றால் உடனே கழற்றிவிட வேண்டும், காட்சி காத்திருக்கலாம். பஞ்சும் ஃபோமும் சட்டென்று தீப்பிடிக்கும். குத்துவிளக்கு ஏற்றுகிற காட்சி இருந்தால் அதை வேறு நடிகருக்குக் கொடுங்கள்.

காட்சி முடிந்ததும் கடுகுப் பையைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அமுக்கிப் பிழியுங்கள், முறுக்க வேண்டாம். நிழலில் காய இரண்டு நாள் ஆகும். ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபடும் என்பதால் பாயில் மல்லாக்கப் போட்டு வையுங்கள்.