சிறைக்குள் ஆரம்ப சுகாதாரம் பார்ப்பது எப்படி: கேப்பர் மலையிலிருந்து ஒரு மருத்துவர்

கடலூர் மத்திய சிறைக்கு டூட்டி உத்தரவு வந்ததும் இளம் மருத்துவர்கள் முதலில் கேட்பது பாதுகாப்பைப் பற்றித்தான். "சார், கொலைக் கேஸ் ஆளுங்க எல்லாம் இருப்பாங்களே?" இருப்பார்கள். அவர்களுக்கும் சுகர் இருக்கும், பல்வலி இருக்கும், ராத்திரி தூக்கம் வராமல் இருக்கும். அந்தப் பயம் சீக்கிரமே போய்விடும். போகாமல் இருக்க வேண்டிய கவலை வேறு ஒன்று.

இங்கே வருவதற்கு முன் பண்ருட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அங்கே நோயாளி தானாக வருவார். முடியாதவரை மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவருவார்கள். கேப்பர் மலையில் உள்ள இந்தச் சிறையில் ஒருவர் என் மேசைக்கு வர வேண்டுமானால் ஒரு வார்டர் (சிறைக் காவலர்) நம்ப வேண்டும், ஒரு பூட்டு திறக்க வேண்டும், கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றில் எது தடைபட்டாலும் உங்கள் மருந்து அலமாரி நிறைந்திருந்து பயனில்லை. அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியது இல்லை. அந்த வழியை அடைபடாமல் வைத்திருப்பது பற்றியது.

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமில்லாமல், சிறைவாசிக்கும் சிகிச்சை தர வேண்டும் என்கின்றன. மத்திய அரசின் 2016 மாதிரி சிறைக் கையேடு 300 பேருக்கு ஒரு மருத்துவர் என்று கணக்குச் சொல்கிறது. இரண்டையும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். மருந்துக்கோ ஆளுக்கோ எழுதிக் கேட்கும்போது கைகொடுக்கும்.

முதல் மாலை

ரிமாண்ட் ஆனவர்கள் பெரும்பாலும் சாயங்காலம்தான் வருவார்கள். நீதிமன்றம் முடிந்து, வேனில் வந்து, கேட்டில் சோதனை முடிவதற்குள் லாக்கப் நேரம், அதாவது செல்களைப் பூட்டும் நேரம், நெருங்கிவிடும். "காலையில பார்த்துக்கலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறையில் மிக ஆபத்தான இரவு முதல் இரவு.

பத்து நிமிடம் போதும், ஆனால் உட்காரவைத்துப் பேசுங்கள். தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? சுகர், பிரஷர், வலிப்பு, காசநோய், மனநல மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். மாத்திரை பெயர் தெரியாவிட்டால் வீட்டு எண்ணை வாங்கி, சீட்டை வீட்டார் மனு பார்க்க (சிறையில் சந்திக்க) வரும்போது எடுத்துவரச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். எடை, பிரஷர், விரலில் குத்தி சுகர் மூன்றையும் கண்டிப்பாகக் குறியுங்கள். இன்றைய எடை எழுதப்படாவிட்டால், மூன்று மாதம் கழித்து அவர் இளைத்தது யாருக்கும் தெரியாது.

அடுத்து காயம். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, உள்ளங்கால், பிட்டம் வரை பாருங்கள். கைதானவரின் காயங்களைக் கைதின்போதே பதிய வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. உங்களிடம் வரும் சான்றிதழில் 'நலமாக உள்ளார்' என்று இருக்கலாம். அதைப் பார்த்து எழுதாதீர்கள், உடம்பைப் பார்த்து எழுதுங்கள். எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், எப்படி ஏற்பட்டது என்று அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே. கண்காணிப்பாளர் வழியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டியதை அன்றே தெரிவியுங்கள். மோசமான நிலையில் இருந்தால் உள்ளே எடுக்காமல் நேராக ஜி.எச். அனுப்பச் சொல்லி எழுதுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் பட்ட ரத்தக் காயங்களோடுதான் கோவில்பட்டி கிளைச்சிறைக்குள் அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் இருவருமே இறந்தார்கள். சிறை வாசலில் நிற்கும் மருத்துவர் அந்தப் பெயர்களை மறக்கக் கூடாது.

கடைசியாக எப்போது குடித்தார்?

இந்த ஒரு கேள்விக்கு நான் தனித் தலைப்பு கொடுக்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இது உயிர்க் கேள்வி. தினமும் குவார்ட்டர் குவார்ட்டராகக் குடித்த ஒருவரைத் திடீரென்று பூட்டிவைத்தால் குடியும் அன்றோடு நின்றுபோகிறது. 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார். தெரியாதவர்கள் அவரை நடிக்கிறார் என்று நினைப்பார்கள், அல்லது ரகளை செய்கிறார் என்று தனிச் செல்லில் போடுவார்கள். அங்கே காய்ச்சலும் நீரிழப்பும் சேர்ந்து ஆளே போய்விடலாம்.

அதனால் தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால் நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறை மருத்துவமனை வார்டிலேயே படுக்கவையுங்கள். முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் பாட்டில். வரிசை மாறினால் மூளைக்கே ஆபத்து. நடுக்கத்தின் அளவைப் பார்த்து டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு. மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ இருந்தால் லோராஸிபாம். நான்கைந்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். முன்பு வலிப்பு வந்தவர் என்றால், அல்லது சித்தம் கலங்கத் தொடங்கிவிட்டால், மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

கள்ளச்சாராயம் குடித்தவர் விஷயம் வேறு. கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாக வாங்குகிறது என்றால் மெத்தனால் என்ற விஷச் சாராயம் என்று எடுத்துக்கொண்டு உடனே அனுப்புங்கள். 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த கள்ளக்குறிச்சி இங்கிருந்து தூரத்தில் இல்லை.

பிளாக்குக்கு நீங்கள் போங்கள்

உடம்பு சரியில்லாதவர் வார்டரிடம் சொல்ல வேண்டும், வார்டர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அந்தப் பட்டியலில் குரல் உள்ளவர்கள் பெயர் வரும். வயதானவர், மொழி தெரியாத வடமாநிலத்தவர், மனநலம் குன்றியவர் பெயர் வராது. காலையில் ஓ.பி. தொடங்குமுன் பிளாக் பிளாக்காக ஒரு சுற்று நடந்துவிடுங்கள். எழுந்து வராமல் படுத்திருப்பவரிடம் நீங்களே போய்க் குனிந்து கேளுங்கள். தனிச் செல்லில் இருப்பவரைத் தினமும் பார்க்க வேண்டும். தண்டனை தாங்குவாரா என்று சான்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையில் மருத்துவருக்குப் பங்கு கிடையாது என்று மண்டேலா விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அவர் உடம்பு அதனால் கெடுகிறது என்றால் நிறுத்தச் சொல்லி எழுதும் வேலை மட்டும் நம்முடையது.

பரிசோதனையின்போது வார்டர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கட்டும், காதுக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் அவர்களே தங்கள் முதுகுவலிக்கும் வீட்டம்மா சுகருக்கும் உங்களிடம் வருவார்கள், அதன் பிறகு இது பிரச்சினையே இல்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் தளராதீர்கள். 2017 சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதனை இல்லை, முடிவை வெளியே சொல்வதும் இல்லை. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை மற்ற மாத்திரைகளோடு ஒரே மாதிரி கவரில் போட்டுக் கொடுங்கள்.

ஆறு மணிக்குப் பிறகு

லாக்கப் ஆறு மணிவாக்கில். இரவுச் சாப்பாடு அதற்கு முன்பே வந்துவிடும். மறுபடி சோறோ கஞ்சியோ பார்ப்பது மறுநாள் காலை. ஏறக்குறைய பதிமூன்று, பதினான்கு மணி நேர இடைவெளி. வெளியே எழுதிய இன்சுலின் சீட்டை அப்படியே தொடர்ந்தால் நடுராத்திரி பூட்டிய செல்லுக்குள் சுகர் இறங்கும். மாலை ஊசியைச் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகு போடுங்கள், அளவை மறுபடி கணக்கிடுங்கள், க்ளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு வேறு மாத்திரை பாருங்கள். படுக்கும்முன் சாப்பிட பிஸ்கட்டோ ரொட்டியோ மருத்துவ உணவாக எழுதினால் கொடுப்பார்கள், எழுதாவிட்டால் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம் அவரிடமும் பக்கத்தில் படுப்பவரிடமும் இருக்கட்டும்.

மாத்திரை பட்டையைக் கையில் கொடுக்காமல் கண்முன்னே விழுங்கவைப்பது நல்ல பழக்கம்தான். தூக்க மாத்திரை சேர்த்துவைக்கப்படும், கைமாறும். ஆனால் அதே விதியை ஆஸ்துமா இன்ஹேலருக்கும் நாக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரைக்கும் பொருத்தாதீர்கள். அவை அவர் கையில்தான் இருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது சாவி தேட நேரம் இல்லை.

இரவு டூட்டி வார்டர்களை மாதம் ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, மயக்கம், ரத்த வாந்தி, புதிதாகப் பேச்சுக் குழறல்: இந்த ஆறில் எதுவானாலும் யாரையும் கேட்காமல் உங்களை அழைக்கலாம். தூக்கில் தொங்கினால் முதலில் உடம்பைத் தூக்கிப் பிடி, பிறகு அறு, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்து. செய்துகாட்டிப் பழக்குங்கள். பொம்மை இல்லாவிட்டால் தலையணை போதும்.

சொறியும் இருமலும்

ஒருவருக்குச் சொறி என்றால் அந்த பிளாக்குக்கே சொறி. அரிப்பவருக்கு மட்டும் களிம்பு கொடுத்தால் காலம் பூராவும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரே மாலையில் அத்தனை பேரும் பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை, விரலிடுக்கு, தொப்புள், பிறப்புறுப்பு விடாமல் பூசட்டும். இரவு முழுக்க உள்ளே இருப்பதால் 8 முதல் 12 மணி நேரம் என்ற கணக்கு தானாகவே நிறைவேறும். காலையில் குளியல், துணியும் போர்வையும் வெந்நீரில் துவைத்து வெயிலில். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு அடங்க சில வாரம் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

காசநோய்க்கு இரண்டு வார இருமல் வரும்வரை காத்திருக்காமல் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு எதுவானாலும் சளியை ட்ரூநாட் என்ற காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூடவே படுத்தவர்களையும் பாருங்கள். ஜன்னலை மூடிய கோணிச்சாக்கை எடுக்கச் சொல்வதும் சிகிச்சைதான்.

மனசு

யார் எப்போது உடைவார் என்பது ஓரளவு தெரியக்கூடியது. ஜாமீன் தள்ளுபடியான நாள், மனுவுக்கு வீட்டில் யாரும் வராத வாரம், மனைவி வந்து அழுதுவிட்டுப் போன மதியம், தீர்ப்பு நாள். வாய்தா போய் வந்தவர்கள் பட்டியலை வாங்கி, முகம் விழுந்திருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியாக அடைக்காதீர்கள், பேசக்கூடியவர்களோடு வையுங்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். முயன்றவர் மீது வழக்குப் போடச் சொல்லி யாராவது வந்தால் 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவைக் காட்டுங்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் சட்டம் கருதச் சொல்கிறது.

மலை இறங்க வேண்டியவர்கள்

ஜி.எச்.சுக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்புவதில் பெரிய தடை எஸ்கார்ட், அதாவது கூடவே போகும் போலீஸ் காவல். பந்தோபஸ்து நாள் என்றால் ஆள் கிடைக்காது, புற்றுநோய்க்காரரின் தேதி தவறிப்போகும். பரிந்துரைச் சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதாமல், 'இன்றே', 'இந்த வாரத்துக்குள்', 'தாமதித்தால் கண் போகும்' என்று எழுதுங்கள். தவறிய தேதிகளுக்குத் தனி நோட்டு போட்டு வாரம் ஒருமுறை கண்காணிப்பாளர் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் வேன் கிடைக்கும். மாரடைப்பு போன்றவற்றுக்கு ஆயுதப்படை வரும்வரை நிற்காமல் 108இல் சிறைக் காவலரோடு அனுப்பலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

விடுதலையும் சாயங்காலம்தான் வரும். ஜாமீன் ஆர்டர் வந்தால் அரை மணியில் ஆள் கேட்டைத் தாண்டிவிடுவார், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். காசநோய், வலிப்பு, எச்.ஐ.வி., சுகர், மனநல மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய கவர் ஒன்றை கேட்டில் தயாராக வையுங்கள். உள்ளே இரண்டு வார மாத்திரை, நோயும் மருந்தும் எழுதிய சீட்டு, அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர். கவரை நன்றாக ஒட்டிவிடுங்கள், எச்.ஐ.வி. சீட்டை வாசலில் யாரும் படிக்கக் கூடாது. மாதம் பிறந்ததும் மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.