ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தத்தில் உள்ள பாஸ்பேட் என்ற தாது உப்பின் அளவு, பரிசோதனைத் தாளில் ‘பாஸ்பரஸ்’ என்ற வரியில் இருக்கும். அந்த வரியைப் பலரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களிலும் சிலர் ‘அல்கலைன் பாஸ்பட்டேஸ்’ என்ற வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஒரு நொதி. நாம் தேடும் பாஸ்பேட் வேறு.

பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பு. வளரும் எலும்புக்குத் தேவை அதிகம் என்பதால், சிறு குழந்தைகளுக்கு இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 3 என்று வந்தால், தாளில் அச்சிட்ட பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு ‘சரிதான்’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். உண்மையில் அது குறைவு. கால் வளைந்த குழந்தைக்கு வைட்டமின் டி மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதும் இப்படித்தான் நேர்கிறது. சிறுநீரகம் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்காமல் வெளியேற்றும் பரம்பரை ரிக்கெட்ஸுக்கு (எலும்பு வலுவிழந்து வளையும் நோய்) அது போதாது. பாஸ்பேட்டும் வைட்டமின் டி-யின் செயல்படு வடிவமும் சேர்த்துத் தேவைப்படும். சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

என் கணக்கில் மிக ஆபத்தான தவறு, பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பரிதாபப்பட்டு வயிறு நிறைய ஊட்டுவது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட்டை எல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். முதல் சில நாட்களிலேயே அளவு மளமளவென்று இறங்கி, மூச்சுத் தசைகள் தளரலாம், இதயம் தடுமாறலாம். நீண்ட நாள் மது குடித்தவர்களுக்கும் இதே கதைதான். மருத்துவமனையில் சேர்த்த அன்று அளவு இயல்பாகவே இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றிய இரண்டாம், மூன்றாம் நாளில் சரியும். முதல் நாள் தாளை நம்பி மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தயாமினை (வைட்டமின் பி1) முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

லேசான குறைவுக்கு அறிகுறியே இருக்காது. 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தசைச் சோர்வு, குழப்பம், வலிப்பு, தசை சிதைவு வரை போகலாம். நாட்பட்ட குறைவில் எலும்பு வலிக்கும். அதை மூட்டுவலி என்று வலிமாத்திரையில் தள்ளிப்போடுகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம் கலந்த மருந்தை நெடுநாள் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குடலிலேயே பாஸ்பேட்டைக் கட்டிப்போடும் மருந்து அது.

பாஸ்பேட் மருந்தைக் கால்சியம் மாத்திரையோடு ஒரே வாயில் விழுங்குவது வீண். இரண்டும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். ஒரே வேளையில் அதிகம் குடித்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். சிறுநீரக நோயாளிகள் தாமாகவே தொடவே கூடாது. நரம்பு வழியாக வேகமாக ஏற்றினால் கால்சியம் சரிந்து இதயத் துடிப்பு குலையும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: இரும்புச்சத்துக்கு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஊசி போட்டபின் ஹீமோகுளோபின் ஏறியும் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால், பாஸ்பேட்டைப் பார்க்க வேண்டும். இரும்பு போதவில்லை என்று நினைத்து அதே ஊசியை மறுபடியும் போட்டால், பாஸ்பேட் பள்ளம் இன்னும் ஆழமாகும்.